நோர்தாம்டனிலிருந்து வரும் கடிதம்: குரோய்டன் கவுண்டி நீதிமன்றத்தின் அதிகாரமும் நிர்வாகமும்

'குரோய்டன்' என்றால் எம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெல்லஸ்லி வீதியிலுள்ள லூனர் ஹவுஸ்தான். அகதி விண்ணப்பம், கைரேகை, நேர்முகம், விசா நீடிப்பு என்று ஒரு தலைமுறையே அந்த உயர்ந்த கட்டடத்தின் வாசலில் வரிசையில் நின்றது. அதனால் குரோய்டன் என்ற பெயரோடு எந்த அரச கடிதம் வந்தாலும் அதை உள்துறை அமைச்சோடு சேர்த்தே பலர் பார்க்கிறார்கள். அந்த நகரத்தில் வேறு வாசல்களும் உண்டு. பார்க்லி வீதியில் மஜிஸ்திரேட் நீதிமன்றம், அதாவது ஊரில் நாம் நீதவான் நீதிமன்றம் என்று சொல்வது, இருக்கிறது. வெஸ்ட் குரோய்டனில், எங்கள் கடைகள் வரிசையாக உள்ள லண்டன் வீதியிலேயே, மொன்ராகு கோட் என்ற கட்டடத்தில் தெற்கு லண்டனுக்கான தொழில் தீர்ப்பாயம் இயங்குகிறது. ஈஸ்ட் குரோய்டன் புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஆல்டையர் வீதி. அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்துக்குள் கடுங்குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றமும், இந்தக் கட்டுரையின் பொருளான கவுண்டி நீதிமன்றமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஒரே கூரை என்பதே குழப்பத்துக்கு ஒரு காரணம். கவுண்டி நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டு இல்லை, பொலிஸ் வழக்கு இல்லை, விசாப் பிரச்சினையும் இல்லை. குடிவரவு மேன்முறையீடுகள் அதற்கென்று உள்ள தனித் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. கவுண்டி நீதிமன்றம் முழுக்க முழுக்கச் சிவில் நீதிமன்றம். கடன், ஒப்பந்தம், வாடகை வீடு, விபத்து நட்டஈடு, பங்குச் சண்டை, ஒருவர் மற்றவருக்குத் தர வேண்டிய பணம் ஆகியவைதான் அதன் வேலை. ஊரில் மாவட்ட நீதிமன்றத்தில் 'பணவழக்கு' என்று போட்டது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடனுக்காக மறியலில் போடுவார்களோ என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு இந்த நாட்டில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1869 ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம் பொதுவாகக் கடனுக்கான சிறையை ஒழித்த பிறகும், வசதியிருந்தும் தீர்ப்புப் பணத்தைக் கட்டவில்லை என்று சொல்லி கவுண்டி நீதிமன்ற நீதிபதிகள் நூறு ஆண்டுகள் வரை ஆட்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 1970 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் சாதாரணக் கடன்களுக்கு அந்த அதிகாரத்தை நீக்கியது. இன்று வங்கிக் கடனுக்கோ கடன் அட்டைக்கோ கவுண்டி நீதிமன்றம் ஒருவரையும் மறியலுக்கு அனுப்பாது. ஆனால் நீதிமன்றத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தாலும், நேரில் வந்து விவரம் சொல் என்ற கட்டளையை மீறினாலும் கதை வேறு.

ஊர் நீதிமன்றமாக இருந்தது நாடு முழுவதற்கும் ஒன்றானது

கவுண்டி நீதிமன்றங்கள் 1846 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு 1847 இல் வேலையைத் தொடங்கின. இங்கிலாந்தையும் வேல்ஸையும் 60 சுற்றுகளாகப் பிரித்து, ஏறத்தாழ 500 ஊர்களில் நீதிமன்றம் வைத்தார்கள். சிறு வியாபாரி ஒருவர் 10 பவுண் கடனை வாங்க வெஸ்ட்மின்ஸ்டர் வரை போய் வழக்காடச் செலவழிக்க வேண்டாம், தன் ஊரிலேயே மலிவாக வழக்குப் போடலாம் என்பதுதான் நோக்கம். தொடக்கத்தில் 20 பவுண் வரையான வழக்குகளை மட்டுமே எடுத்தார்கள். 1850 இல் அது 50 பவுண் ஆனது. பிறகு எல்லை படிப்படியாக உயர்ந்து, 1991 இல் பெரும்பாலான வழக்குகளுக்குத் தொகை எல்லையே இல்லாமல் போனது. பெயரில் 'கவுண்டி' இருந்தாலும் இந்த நீதிமன்றங்களின் எல்லைகள் கவுண்டி எல்லைகளோடு ஒருபோதும் பொருந்தவில்லை. குரோய்டன் சரே கவுண்டியிலிருந்து பிரிந்து 1965 இல் பெருநகர லண்டனோடு சேர்ந்தபோதும் நீதிமன்றத்தின் பெயரில் 'கவுண்டி' ஒட்டிக்கொண்டே இருந்தது.

2014 ஏப்ரல் 22 வரை குரோய்டன் கவுண்டி நீதிமன்றம் தனக்கென்று எல்லையும் முத்திரையும் கொண்ட தனி நீதிமன்றம். அதன் எல்லைக்குள் வசிப்பவர் மீதான வழக்கு, அல்லது பிணக்கு அங்கே எழுந்த வழக்கு, அங்கே வரும். அன்றிலிருந்து, 2013 ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு கவுண்டி நீதிமன்றம்தான் இருக்கிறது. குரோய்டன், கிங்ஸ்டன், வோன்ட்ஸ்வேர்த், புரொம்லி எல்லாம் அந்த ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து விசாரிக்கும் நிலையங்கள். சட்டப்படி சரியான பெயர் 'குரோய்டனில் உள்ள கவுண்டி நீதிமன்றம்'. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இது பொருந்தாது, அவர்களுடைய முறை வேறு. அதே நாளில் குடும்ப நீதிமன்றமும் தனியாகப் பிரிந்தது. ஆகவே விவாகரத்து, பிள்ளைகள் யாரிடம் இருப்பது போன்ற வழக்குகள் இப்போது கவுண்டி நீதிமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை.

இந்த மாற்றத்தின் நடைமுறை விளைவு எம்மவர் பலருக்கு இன்னும் எட்டவில்லை. பணக் கோரிக்கை வழக்கு இப்போது குரோய்டனில் தொடங்குவதில்லை. இணையவழியாகவோ, தாளில் எழுதி நோர்தாம்டனில் உள்ள தேசிய சிவில் வணிக மையத்துக்கு அனுப்பியோதான் தொடங்குகிறது. தோர்ன்டன் ஹீத்தில் இருக்கும் உங்கள் மீது, லண்டன் வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவர் வழக்குப் போட்டாலும் கடிதம் நோர்தாம்டனிலிருந்துதான் வரும். "நோர்தாம்டனில் எனக்கு ஆரைத் தெரியும்? இது ஏதோ மோசடி" என்று கிழித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். மோசடிக் கடிதங்களும் உலவுவது உண்மைதான். ஆனால் நீதிமன்ற முத்திரையும், வழக்கு எண்ணும், பதிலளிக்கும் படிவக் கட்டும் சேர்ந்து வந்தால் அது வழக்கு. ஐயம் இருந்தால் அரசாங்க இணையத்தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை எடுத்து வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அடிக்க வேண்டாம்.

வழக்கு குரோய்டனுக்கு வருவது அதற்குப் பிறகுதான். குறித்த ஒரு தொகைக்காகத் தனிநபர் ஒருவர் மீது போட்ட வழக்கில் அவர் எதிர்வாதம் கொடுத்தால், கோப்பு அவருடைய வீட்டுக்கு உரிய விசாரணை நிலையத்துக்கு மாற்றப்படும். அதாவது எதிராளி வாய் திறந்தால்தான் ஆல்டையர் வீதி என்ற இடமே வழக்கில் வருகிறது. அவர் பேசாமல் இருந்தால் எல்லாம் நோர்தாம்டனிலேயே முடிந்துவிடும்.

14 நாட்கள்

வழக்கு பதியப்பட்ட திகதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்களிடம் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது இணையவழி வழக்குகளின் விதி. அதிலிருந்து 14 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். 'கிடைத்தது, எதிர்வாதம் தருவேன்' என்று ஏற்புப் படிவத்தை மட்டும் அந்த 14 நாட்களுக்குள் அனுப்பினால், எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். எதையும் அனுப்பாவிட்டால் வழக்காளி ஒரு படிவத்தையோ இணையத்தில் ஒரு பொத்தானையோ வைத்துத் தீர்ப்பைக் கேட்கலாம். நீதிபதி ஒருவரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. கோரிக்கை நியாயமா, கணக்குச் சரியா, உண்மையில் இந்த ஆள்தான் கடன்பட்டவரா என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகப் பதிவாகவே தீர்ப்பு விழுகிறது. கவுண்டி நீதிமன்றத் தீர்ப்புகளில் பத்தில் ஒன்பது அளவு இப்படி எதிராளி பதிலளிக்காததால் வருபவைதான். விசாரணையில் தோற்றவர்கள் சிறு பகுதியினரே.

இந்தத் தீர்ப்பைத்தான் 'சீசீஜே' என்று சொல்கிறார்கள். அது தீர்ப்புகள் பதிவேட்டில் ஏறும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவு அடியோடு நீக்கப்படும். ஒரு மாதம் கடந்து கட்டினால் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு ஆறு ஆண்டுகள் நிற்கும். கட்டாவிட்டாலும் ஆறு ஆண்டுகள் நிற்கும். கணக்காளராக நான் காண்பது இதன் மறுமுனையை. வீடு வாங்க மோட்கேஜ் கேட்கும்போது, கடைக்கு மொத்த விற்பனையாளரிடம் கடன்கணக்குத் திறக்கும்போது, வாடகை வீட்டுக்கு ஏஜென்ற் கடன் வரலாறு பார்க்கும்போதுதான் பலருக்குத் தங்கள் பேரில் ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியவருகிறது. தொகை பெரும்பாலும் சிறியது. பழைய தொலைபேசி ஒப்பந்தம், மின்சாரக் கட்டணத்தின் கடைசி மிச்சம், தனியார் கார் தரிப்பிடத் தண்டம். 200 பவுண் விவகாரம் 300,000 பவுண் மோட்கேஜை மறித்து நிற்கும்.

ஏன் தெரியாமல் போகிறது? விலாசம்தான். வழக்காளி உங்கள் 'கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு' அனுப்பினால் போதும் என்பது விதி. நீங்கள் அங்கே இல்லை என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தால் மட்டுமே புதிய விலாசத்தைத் தேட வேண்டும். எங்கள் ஆட்கள் வந்த புதிதில் ஒரு வீட்டில் அறை எடுத்து, ஆறு மாதத்தில் மிச்சம், பிறகு ரூட்டிங், பிறகு வெஸ்ட் குரோய்டன் என்று மாறியவர்கள். ஐந்தாறு குடும்பங்களின் கடிதங்கள் ஒரே வாசலில் குவியும் வீடுகளில் பழைய ஆளின் கடிதத்தை யார் எடுத்து வைப்பார்? ஓட்டுநர் உரிமத்திலும் காரின் பதிவுப் பத்திரத்திலும் விலாசத்தை மாற்றாமல் விடுவது இன்னொரு கண்ணி. தனியார் தரிப்பிட நிறுவனங்கள் அந்தப் பதிவிலிருந்துதான் விலாசத்தை எடுக்கின்றன. அந்தத் தண்டங்கள் வெற்று மிரட்டல் என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ நிறுவனத்துக்கும் பீவிஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில், செம்ஸ்ஃபோர்ட் தரிப்பிடம் ஒன்றில் விதித்த 85 பவுணைக் கட்டத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதுவும் ஒரு கவுண்டி நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். கவுன்சில் தரும் தரிப்பிடத் தண்டமும் கட்டாமல் விட்டால் நோர்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் பதியப்படும். ஆனால் அது தீர்ப்புகள் பதிவேட்டில் ஏறாது. கவுன்சில் வரி பாக்கி மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகிறது, அதுவும் சீசீஜே அல்ல. இரண்டிலும் பெய்லிஃப் வரலாம் என்பதால் மக்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பயப்படுகிறார்கள்.

தெரியாமல் விழுந்த தீர்ப்பை நீக்கக் கேட்க வழி உண்டு. 'என்244' என்ற விண்ணப்பப் படிவம். வெற்றி பெறக்கூடிய உண்மையான எதிர்வாதம் இருக்கிறது என்றோ, வேறு நல்ல காரணம் இருக்கிறது என்றோ காட்ட வேண்டும். அறிந்தவுடன் தாமதிக்காமல் விண்ணப்பித்தாரா என்பதை நீதிபதி கட்டாயம் பார்ப்பார். கடிதம் கிடைக்கவில்லை என்பது மட்டும் பல வேளைகளில் போதாது, கடனே இல்லை என்றோ தொகை பிழை என்றோ காட்டவும் வேண்டியிருக்கும். விசாரணையோடு கூடிய விண்ணப்பத்துக்குக் கட்டணம் 300 பவுணுக்கு மேல். குறைந்த வருமானம் உள்ளவர்களும் சில அரச உதவிகள் பெறுபவர்களும் 'கட்டண உதவி'க்கு விண்ணப்பித்துக் கட்டணத்தை முழுவதும் அல்லது பகுதியாகத் தவிர்க்கலாம். இந்த உதவியைப் பற்றி எங்கள் சமூகத்தில் பேசுவதே குறைவு.

கடன் உண்மை என்றால் எதிர்வாதம் எழுதிக் காலத்தைக் கடத்துவதில் பயனில்லை. வந்த கட்டிலேயே ஒப்புதல் படிவம் இருக்கும். வருமானம், செலவு, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் எழுதி மாதம் இவ்வளவு கட்டுவேன் என்று கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறினால் 'என்245' படிவத்தில் தவணையைக் குறைக்கக் கேட்கலாம்.

எந்தப் பிணக்கு, எவ்வளவு செலவு

10,000 பவுண் வரையான பணக் கோரிக்கைகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் வரும். 2013 வரை இந்த எல்லை 5,000 ஆக இருந்தது. 25,000 வரை விரைவுப் பிரிவு. 2023 ஒக்ரோபரிலிருந்து 100,000 வரை இடைநிலைப் பிரிவு. அதற்கு மேற்பட்டதும் சிக்கலானதும் பல்வழிப் பிரிவு. 100,000 பவுணுக்கு மேற்பட்ட பண வழக்கைத்தான் உயர் நீதிமன்றத்தில் தொடங்கலாம், உடற்காய வழக்கானால் 50,000 இலிருந்து. சிறு வழக்கின் சிறப்பு, தோற்றவர் மற்றவருடைய சட்டத்தரணி செலவைப் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை என்பது. அதனால்தான் சட்டத்தரணி இல்லாமல் தாமே வாதாடுவது அங்கே சாத்தியமாகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 2,000 பவுண் கைமாற்று வாங்கித் தரவில்லை. வழக்குப் பதிய 115 பவுண், விசாரணைக் கட்டணம் 181, மொத்தம் 296. தொகை 6,000 ஆனால் 455, பிறகு 346, மொத்தம் 801. 10,000 பவுணைத் தாண்டினால் பதியும் கட்டணமே கோரும் தொகையின் 5 வீதம். வென்றால் இந்தக் கட்டணங்கள் எதிராளியின் தலையில் ஏறும், ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். விசாரணைக் கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கே அடிபட்டுப் போகும்.

கைமாற்று, சீட்டு இரண்டும் எங்களுடைய தனிச் சிறப்புப் பிணக்குகள். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று பலர் கைவிடுகிறார்கள். வாய்மொழி ஒப்பந்தமும் இந்நாட்டுச் சட்டத்தில் ஒப்பந்தம்தான். கேள்வி நிரூபிப்பது பற்றியது. வங்கி மாற்றம், 'அடுத்த மாதம் தாறன் அண்ணை' என்ற வாட்ஸ்அப் செய்தி, சீட்டுப் பேரேட்டின் பக்கம், கூடச் சீட்டுப் பிடித்தவரின் சாட்சியம் எல்லாம் ஆதாரமே. நீதிபதி பார்ப்பது எது நடந்திருக்கக்கூடியது என்பதை, குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. ஒப்பந்தக் கடனுக்குக் காலவரையறை ஆறு ஆண்டுகள். கையில் காசாகக் கொடுத்து, எந்தத் தடயமும் வைக்காமல், ஏழு வருடம் உறவுக்காகப் பொறுத்திருந்தால் சட்டம் உதவாது.

இதைவிடக் கனமானது வீட்டுப் பிணக்கு. வதிவிட உரிமை கிடைக்காத காலத்தில் அண்ணன் பேரிலோ மச்சான் பேரிலோ வீடு வாங்கி, முற்பணமும் மாதத் தவணையும் தான் கட்டியவர்கள் எத்தனை பேர்! இருபது வருடத்துக்குப் பிறகு விலை ஏறியதும் 'பேர் என்ர பேரில்தானே' என்ற கதை வரும். காணிப் பதிவில் பெயர் இல்லாவிட்டாலும் பங்கு இருக்கலாம். 1996 ஆம் ஆண்டின் காணி நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அதை முடிவு செய்து, தேவையானால் விற்கவும் கட்டளையிடலாம். ஆனால் இது சிறு வழக்கு அல்ல. தோற்றால் மறுபக்கச் செலவும் சேரும், வீட்டின் பெறுமதியில் நல்ல பகுதியைச் சட்டத்தரணிகளே கொண்டு போகலாம். வங்கிக் கூற்றுகளைச் சேர்த்துக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போக வேண்டிய விடயம் இது.

சம்பளப் பாக்கிக்கு இரண்டு வழி உண்டு. தொழில் தீர்ப்பாயத்தின் காலக்கெடு மாதக் கணக்கில்தான் இருக்கும், அது தவறினால் பலர் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒப்பந்தப்படி தர வேண்டிய சம்பளத்தைக் கவுண்டி நீதிமன்றத்தில் ஆறு ஆண்டுகள் வரை கேட்கலாம். பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் வேலை செய்தவர்கள் கவனிக்க வேண்டும். சொந்தமாக வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்னொரு வியாபாரம் விலைச்சிட்டையைக் கட்டாமல் இழுத்தால் 1998 ஆம் ஆண்டின் தாமதக் கொடுப்பனவுச் சட்டப்படி இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 வீதமும், தொகைக்கேற்ப 40, 70 அல்லது 100 பவுண் இழப்பீடும் சேர்த்துக் கேட்கலாம்.

கவுண்டி நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாதது எது என்றும் கேட்பார்கள். முக்கியமானது மானநட்டம். கோயில் நிர்வாகத் தேர்தலில் என்னைக் கள்ளன் என்று முகநூலில் எழுதினார்கள் என்று ஆல்டையர் வீதிக்குப் போக முடியாது, இரு தரப்பும் எழுத்தில் இணங்கினால் ஒழிய. அது உயர் நீதிமன்றத்து வேலை, ஓராண்டுக் காலக்கெடு, செலவும் பயங்கரம். பலருடைய கோபம் இந்த இடத்திலேயே ஆறிவிடுகிறது, நல்லதுதான்.

வீட்டை விட்டு எழுப்பும் வழக்குகளில்தான் உள்ளூர் எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வழக்கை வீடு இருக்கும் இடத்துக்குரிய விசாரணை நிலையத்திலேயே நடத்த வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் தானாகப் பூட்டை மாற்றினால் அது 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீதிமன்றக் கட்டளை பெற்று, நீதிமன்றம் அனுப்பும் பெய்லிஃப் வந்துதான் எழுப்பலாம். ஆனால் சொந்தக்காரரோடு ஒரே வீட்டில் சமையலறையைப் பகிர்ந்து அறையில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, நியாயமான முன்னறிவிப்பு மட்டும் போதும். எங்கள் ஆட்களில் பலர் இந்த வகைதான். காரணம் சொல்லாமல் எழுப்ப உதவிய 21 ஆம் பிரிவு, 2025 ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் நீங்குகிறது. அதன் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டியாக வேண்டும். டிப்பொசிற்றை 30 நாட்களுக்குள் அரச அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் போடாத சொந்தக்காரரிடம் அந்தத் தொகையின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கேட்கலாம், அதுவும் இதே நீதிமன்றத்தில். எழுப்பும் வழக்கு நடக்கும் நாளில் வருமானம் பாராமல் இலவச ஆலோசனை தரும் சட்டத்தரணி நீதிமன்றத்திலேயே இருப்பார். போகாமல் வீட்டில் இருப்பவருக்கு அந்த உதவி கிடைக்காது.

உள்ளே எப்படி நடக்கிறது

நிர்வாகம் நீதிமன்றங்கள் மற்றும் தீர்ப்பாயங்கள் சேவையின் கையில், அது நீதி அமைச்சின் கீழ் 2011 இல் அமைந்த நிறுவனம். வழக்குகளை விசாரிப்பவர் பெரும்பாலும் டிஸ்ரிக்ற் ஜட்ஜ். 1991 வரை இந்தப் பதவிக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். பெரிய வழக்குகளைச் சேர்கிற் ஜட்ஜ் கேட்பார். டிஸ்ரிக்ற் ஜட்ஜை 'ஜட்ஜ்' என்று அழைத்தால் போதும், சேர்கிற் ஜட்ஜை 'யுவர் ஒனர்' என்று அழைக்க வேண்டும். நீதிமன்ற ஊழியர்கள் எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்று சொல்வார்கள், வழக்கு வெல்லுமா என்று சொல்லமாட்டார்கள். சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

தாமதம் பெரிய நோய். வழக்குப் போட்டு விசாரணை வரை சிறு வழக்குக்கே சராசரியாக ஓராண்டளவு போகிறது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு கவுண்டி நீதிமன்றத்தைப் பற்றி மிகக் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. கட்டடங்களை மூடியதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தெற்கு லண்டனில் லாம்பெத் கவுண்டி நீதிமன்றம் 2017 இல் மூடப்பட்டது. பாதி தாளிலும் பாதி கணினியிலும் வேலை நடக்கிறது. ஆகவே அனுப்பிய ஒவ்வொன்றின் பிரதியையும், அனுப்பிய திகதியையும், தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

2024 மே 22 முதல் சிறு பண வழக்குகளில் விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம், இலவசம். ஊரில் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த மத்தியஸ்த சபையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வேறுபாடு, இங்கே இருவரும் நேரில் சந்திப்பதில்லை, சமரசக்காரர் மாறி மாறிப் பேசுவார். இணங்கக் கட்டாயமில்லை, ஆனால் பேச்சில் பங்குபற்றாமல் விட்டால் நீதிபதி அதற்காகத் தண்டிக்கலாம். அங்கே சொன்னது பிறகு விசாரணையில் எடுபடாது என்பதால் துணிந்து பேசலாம்.

சிறு வழக்கு விசாரணை பெரும்பாலும் ஒரு சாதாரண அறையில் மேசையைச் சுற்றி நடக்கும். ஆவணங்களை விசாரணைக்கு 14 நாட்களுக்கு முன் மறுபக்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்பியிருக்க வேண்டும் என்பது வழக்கமான கட்டளை. ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சிறு வழக்கில் நீங்களும் கூட இருக்கும் பட்சத்தில் மகனோ நண்பரோ உங்களுக்காகப் பேசலாம், சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை. தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். பெரிய வழக்குகளில் சாட்சிக் கூற்று சாட்சியின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டு, மொழிபெயர்ப்போடு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பது 2020 இலிருந்து தெளிவான விதி. யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததில் விளங்காமல் கையொப்பம் வைத்துவிட்டு, குறுக்கு விசாரணையில் திகைத்து நிற்கும் அவலத்தை இது தவிர்க்கிறது. தமிழில் கூற்று எழுதலாம் என்று சட்டத்தரணிக்கே நினைவூட்ட வேண்டியிருக்கும்.

தீர்ப்புக்குப் பிறகு

வென்றால் நீதிமன்றம் பணத்தை வாங்கித் தரும் என்று நினைப்பது பெரிய பிழை. ஊரில் பிஸ்கால் போவது போல இங்கே தானாக ஒருவரும் போவதில்லை. அமலாக்கலை வழக்காளி தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். பெய்லிஃபை அனுப்பலாம், சம்பளத்திலிருந்து வெட்டலாம், வங்கிக் கணக்கை மறிக்கலாம், வீட்டின் மேல் பொறுப்பு ஏற்றலாம். 600 பவுணுக்கு மேற்பட்ட தீர்ப்பை உயர் நீதிமன்ற அமலாக்க அதிகாரிகளிடம் கொடுக்கலாம், நுகர்வோர் கடன்கள் தவிர. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து சத்தியத்தின் மேல் சொத்து விவரம் கேட்கும் கட்டளையை முதலில் பெறலாம். அதற்கும் முன்னால், வழக்குப் போடும் முன்பே, பதிவேட்டில் அவர் பேரில் ஏற்கெனவே எத்தனை கட்டாத தீர்ப்புகள் இருக்கின்றன என்று சிறு கட்டணம் கட்டிப் பார்ப்பது புத்தி. நாலைந்து இருந்தால் ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாக வரிசையில் நிற்க 801 பவுண் செலவழிப்பதா என்று யோசிக்கலாம்.

எதிராளியின் பக்கத்தில் நிற்பவர் அறிய வேண்டியது: சாதாரணக் கடனுக்கு வரும் கவுண்டி நீதிமன்றப் பெய்லிஃப் வீட்டுக் கதவை உடைத்து முதல் முறை நுழைய முடியாது. தொழிலுக்குத் தேவையான கருவிகளை ஓர் எல்லை வரையும், அடிப்படை வீட்டுப் பொருட்களையும் எடுக்க முடியாது. வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்கலாம், கதவுக்கு வெளியே வைத்தே பேசலாம். கடன்கள் பல சேர்ந்து மூச்சு முட்டினால், அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் 'மூச்சுவிடும் இடைவெளி' கேட்கலாம், 2021 மே முதல் இருக்கும் திட்டம் இது. அந்த நாட்களில் வட்டியும் அமலாக்கலும் நிற்கும். 5,000 பவுணும் அதற்கு மேலும் கடன் தர இருப்பவர் வங்குரோத்து மனுப் போடலாம் என்பதால், 21 நாள் தவணையுள்ள சட்டக் கோரிக்கைப் பத்திரம் வந்தால் அன்றைக்கே ஆலோசனை தேட வேண்டும். சிற்றிசன்ஸ் அட்வைஸும், குரோய்டன் பகுதிக்குச் சேவை செய்யும் தென்மேற்கு லண்டன் சட்ட மையங்களும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை.

கட்டி முடித்தவர்களும் ஒரு வேலை செய்ய வேண்டும். பணம் கட்டியதற்கான ஆதாரத்தோடு விண்ணப்பித்தால் நீதிமன்றம் 'தீர்க்கப்பட்டது' என்ற சான்றிதழ் தரும். வழக்காளி தானாகப் பதிவேட்டுக்கு அறிவிப்பார் என்று நம்பி இருக்காமல், சில வாரங்களில் பதிவைச் சரிபார்த்து, மாறவில்லை என்றால் அந்தச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள்.